தேய்ந்த டயர் எங்கே போகிறது?

போன இதழில் ஒருவர் பழைய டயரை என்ன செய்வது என்று கேட்டிருந்தார். நான்கு வரியில் பதில் எழுதிவிட்டு, கடைசியில், "டயரில் தேய்ந்துபோன பகுதி ஏற்கெனவே மழைத் தண்ணீரோடு நீர்த்தேக்கத்துப் பக்கம் போயிருக்கும்" என்று சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை சமையல் எரிவாயுக் கேள்வியையும் வெள்ளெலிக் கேள்வியையும் ஒதுக்கி வைத்துவிட்டு, முழுக்க இதற்கே இடம் கொடுத்திருக்கிறேன்.

*

டீச்சர், எங்கள் புளோக் கார்ப்பேட்டை ஓரத்தில் ஒரு லோங்காங் (திறந்த வடிகால்) இருக்கிறது. பத்து நாள் வெயிலுக்கு அப்புறம் போன வாரம் மழை கொட்டியதே, அப்போது அதில் ஓடிய தண்ணீர் காப்பி மாதிரி கறுப்பாக இருந்தது, மேலே வானவில் நிறத்தில் ஏதோ மிதந்தது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் தண்ணீர் தெளிந்துவிட்டது. அந்தக் கறுப்பு என்ன? எப்படியும் கழிவுநீர் நிலையத்துக்குத்தானே போகும், சுத்தம் செய்துவிடுவார்கள்தானே?
- வாசகி, தோ பாயோ

போகாது. நம்மில் பல பேர் இதைத்தான் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறோம், நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். சிங்கப்பூரில் தண்ணீர் போக இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. கழிப்பறை, குளியலறை, அடுப்படித் தண்ணீர் மண்ணுக்கு அடியில் மூடிய குழாயில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. சாலையிலும் கார்ப்பேட்டையிலும் கூரையிலும் விழும் மழை திறந்த வடிகாலில் விழுந்து, கால்வாய்க்குப் போய், அங்கிருந்து ஆற்றுக்கோ நேராக நீர்த்தேக்கத்துக்கோ கடலுக்கோ போகிறது. நடுவில் எந்தச் சுத்திகரிப்பு நிலையமும் கிடையாது. இந்தத் தீவில் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழையைப் பிடித்து 17 நீர்த்தேக்கங்களில் சேர்க்கிறோம், அதற்காக வடிகால், கால்வாய், ஆறு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர் ஓடுகிறது. தோ பாயோவில் விழும் மழை காலாங் ஆற்றிலோ வாம்போ ஆற்றிலோ சேர்ந்து காலாங் படுகைக்கு வந்துவிடும், அங்கிருந்து மரினா நீர்த்தேக்கம். 2008-இல் மரினா அணைக்கட்டு வருவதற்கு முன்னால் அது கடல், இப்போது குடிநீருக்கான நன்னீர். அதனால் உங்கள் கார்ப்பேட்டை, என் புளோக்கின் முன்னால் போகும் சாலை, தேக்கா, ஆர்ச்சர்ட் ரோடு, அங் மோ கியோ எல்லாமே அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் இறக்கும் கூரை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஊரில் மழைநீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் முதல் மழைத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடமாட்டார்கள், ஓடு கழுவிப் போகட்டும் என்று வெளியே திருப்பிவிடுவார்கள். நீங்கள் பார்த்த கறுப்பு அந்த முதல் தண்ணீர்தான்.

அதில் என்ன இருக்கும்? பத்து நாளாகச் சாலையில் படிந்தது எல்லாம் இருக்கும். தேய்ந்த டயர்த் துகள், பிரேக் பேடில் இருந்து உதிர்ந்த செம்பு, இரும்புத் தூள், தார்ச் சாலையின் தூள், என்ஜினில் இருந்து சொட்டிய எண்ணெய், புகைக்கரி, காய்ந்த இலை. மழை பிடித்த முதல் சில நிமிடங்களில் இதில் பெரும் பங்கு அடித்துக்கொண்டு போய்விடும், அப்புறம் வருவது ஓரளவு தெளிந்த தண்ணீர். வெயில் காலம் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுக்கு அடுத்த மழையின் முதல் தண்ணீர் கெட்டியாக இருக்கும்.

வானவில் நிறம் அனேகமாக எண்ணெய். ஆனால் தேங்கிய தண்ணீரில் இலை மக்கும்போது சில நுண்ணுயிர்களும் அதே மாதிரி ஒரு படலத்தை உண்டாக்கும். ஒரு குச்சியால் கீறிப் பாருங்கள். எண்ணெயாக இருந்தால் உடனே திரும்ப ஒட்டிக்கொள்ளும், நுண்ணுயிர்ப் படலமாக இருந்தால் கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து தனித்தனியாக நிற்கும்.

*

என் பாட்டி ஜொகூரில் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். ரப்பர் மரத்துப் பால்தானே டயர்? மரத்தில் இருந்து வந்தது மண்ணோடு மக்கிப்போகாதா? எதற்கு இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்?
- வயது 68, புக்கிட் பாஞ்சாங்

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் அம்மா வழியிலும் தோட்டத்துக் குடும்பம்தான், விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கோடு நிரை பிடித்து நடந்த கதை கேட்டு வளர்ந்தவள் நான். நம்மவர்கள் கையில் ஒட்டிய பால் உலகத்துச் சாலைகளில் எல்லாம் உருண்டிருக்கிறது. 1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. 1888-இல் அந்தப் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அதே 1888-இல்தான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டும் சேர்ந்துதான் மலாயாத் தோட்டங்களை உண்டாக்கின, உங்கள் பாட்டியையும் என் பாட்டியையும் கப்பல் ஏற வைத்தன.

ஆனால் பாட்டி வெட்டிய பாலுக்கும் இன்றைய டயருக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. வெறும் ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் வெடிக்கும். அதைக் கந்தகத்தோடு சூடாக்கி இறுக வைக்கிறார்கள், 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தது அது. அப்படி இறுகிய பிறகு மண்ணில் இருக்கும் உயிர்கள் அதை அவ்வளவு சுலபமாகத் தின்னாது. அதோடு துத்தநாக ஆக்ஸைடு, கரித்தூள், சிலிக்கா, எண்ணெய், பெட்ரோலியத்தில் இருந்து செய்த செயற்கை ரப்பர் எல்லாம் சேர்கின்றன. லாரி, பேருந்து, விமான டயர்களில் இயற்கை ரப்பர் கூடுதலாக இருக்கும், கார் டயரில் பொதுவாகச் செயற்கை ரப்பர்தான் அதிகம். அதனால் ஆராய்ச்சியாளர்கள் டயர்த் துகளை நுண்பிளாஸ்டிக் கணக்கிலேயே சேர்க்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ரப்பர் வைத்து அழிக்கும்போது நோட்டில் சுருள் சுருளாக, இரண்டு முனையும் கூராக ஒன்று உருண்டு வருமே, நான் முப்பது வருஷம் மேசையில் இருந்து ஊதித் தள்ளியது அது. டயர் சாலையில் உரசும்போது வருவதும் ஏறக்குறைய அந்த வடிவம்தான். அளவு மிகச் சிறியது, மேலே சாலைத் தூசி ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் தண்ணீரைவிடக் கனமாகி அடியில் வண்டலோடு வண்டலாகப் படியும். பிளாஸ்டிக் பை மாதிரி மிதந்தால் வலை போட்டு எடுத்துவிடலாம். இது கண்ணுக்கே தெரியாது. ஒரு கார் டயர் அதன் ஆயுளில் ஒரு கிலோவுக்கும் மேலே இப்படித் தேய்ந்து இழக்கிறது. உலகம் முழுக்க வருஷத்துக்கு ஏறக்குறைய 60 லட்சம் டன் என்று 2017-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது, ஆளுக்கு 0.81 கிலோ வருகிறது. வண்டியே இல்லாதவரையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு, பேருந்தும் கடைக்கு அரிசி கொண்டுவரும் லாரியும் நமக்காகத்தானே ஓடுகின்றன.

*

வணக்கம் டீச்சர். அமெரிக்காவில் டயரால் சால்மன் மீன்கள் செத்துப்போகின்றன என்று வகுப்பில் சொன்னார்கள். நம் ஆறுகளில் சால்மனே இல்லையே, அப்புறம் நமக்கு என்ன?
- உயர்நிலை மூன்று மாணவர், ஜூரோங் வெஸ்ட்

நல்ல கேள்வி தம்பி, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் மேற்குக் கரையில் சியாட்டில் நகரத்தைச் சுற்றி ஓடைகள் இருக்கின்றன. கோஹோ சால்மன் என்ற மீன் ஓடையில் பிறந்து கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடத் திரும்ப ஓடைக்கே வரும். அங்கே ஓடைகளைச் சுத்தம் செய்து, கல் பரப்பி, மரம் நட்டு, மீன் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தார்கள். மீனும் வந்தது. ஆனால் மழை பெய்த சில மணி நேரத்தில், முட்டையிடும் முன்னாலேயே, தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, வட்டமடித்துச் செத்தது. வயிறு நிறைய முட்டையோடு. சில ஓடைகளில் திரும்பி வந்த மீன்களில் பாதிக்கு மேலேயே இப்படிப் போயின.

காரணம் தேடக் கிட்டத்தட்ட இருபது வருஷம் ஆனது. நோயா என்று பார்த்தார்கள், இல்லை. பூச்சிமருந்தா, செம்பா, எண்ணெயா, வெப்பமா, ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளினார்கள். சாலைத் தண்ணீரில் விட்டால் சாகிறது என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது. பிறகு டயரைத் துருவிய தூளைத் தண்ணீரில் ஊறவைத்து அதில் மீனை விட்டார்கள், செத்தது. அந்தத் தண்ணீரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இரசாயனங்கள் இருந்தன. அவற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதி மீனைக் கொல்கிறதோ அதை மட்டும் எடுத்து மறுபடி பிரித்து, கடைசியில் ஒரே ஒரு பொருளில் வந்து நின்றார்கள். அது எந்தப் பட்டியலிலும் இல்லாத பொருள். டயர்க்காரர்கள் அதை டயரில் சேர்ப்பதே இல்லை. அவர்கள் சேர்ப்பது 6பிபிடி என்ற காப்புப் பொருள். காற்றில் இருக்கும் ஓசோன் ரப்பரைத் தாக்கி வெடிப்பு விழ வைக்கும், அதைத் தடுக்க இந்த 6பிபிடி டயரின் மேல்பரப்புக்கு வந்து ஓசோனைத் தானே முதலில் வாங்கிக்கொள்ளும். அப்படி வாங்கிக்கொண்டபின் அது 6பிபிடி-குவினோன் என்று வேறு பொருளாக மாறிவிடுகிறது. கொல்வது இந்த மாறிய பொருள்தான். 2020 டிசம்பரில் அந்தக் கண்டுபிடிப்பு வெளியானது. லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம், பாதிக் கோஹோ குஞ்சுகள் செத்துவிடும் என்று பின்னர் தெரிந்தது. உனக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளம் முழுக்க அந்த அளவுக்கு விஷமாக்கக் கால் கிராம் போதும்.

சரி, நமக்கு என்ன என்று கேட்டாய். அந்தப் பொருளுக்கு எல்லா மீனும் ஒரே மாதிரி சாவதில்லை. கோஹோ சாகிறது, அதற்கு மிக நெருங்கிய சொந்தமான சம் சால்மன் தாங்கிக்கொள்கிறது. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் வரிக்குதிரை மீனும் தாங்குகிறது. அதனால் காலாங் ஆற்றில் மீன் செத்து மிதக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே ஓடும் டயருக்கும் இங்கே ஓடும் டயருக்கும் வித்தியாசம் இல்லை, 6பிபிடி உலகம் முழுக்க டயரில் இருக்கிறது. அந்த ஊரில் தாங்க முடியாத ஒரு மீன் இருந்து, அது மனிதர் கண்ணெதிரே செத்ததால்தான் இது வெளியே வந்தது. அப்படிக் கண்முன்னே சாகாத உயிர், கொஞ்சம் கொஞ்சமாக நலிந்தால் யார் பார்ப்பது? இதைத்தான் நீ கேட்க வேண்டும். வேதியியல் படிக்கும் ஆசை இருந்தால், டயருக்கு 6பிபிடி-க்குப் பதிலாக என்ன போடலாம் என்று இப்போது பல நாடுகளில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நீ கல்லூரி முடிக்கும்போதும் அந்த வேலை மிச்சம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

*

அப்போ நாம் குடிப்பது டயர்த் தண்ணீரா?
- வாசகர், செங்காங்

இல்லை, குழாய்த் தண்ணீரைப் பயமில்லாமல் குடியுங்கள். நீர்த்தேக்கத்துத் தண்ணீர் நேராக வீட்டுக்கு வருவதில்லை. தூசியைத் திரளவைத்துப் படியவிட்டு, வடிகட்டி, கிருமி நீக்கித்தான் அனுப்புகிறார்கள். சுவா சூ காங் நீர்நிலையத்தில் பீங்கான் சவ்வு வடிகட்டியும் ஓசோனும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் நீர்த்தேக்கத்துக்குள்ளேயே வாழும் மீனுக்கும், அதைப் பிடித்துத் தின்னும் கொக்குக்கும், பீஷானில் இருந்து மரினா வரை நாம் எல்லாரும் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்கும் அந்த நீர்நாய்க் குடும்பங்களுக்கும் எந்த வடிகட்டியும் இல்லை.

*

போன வருஷம் மின்சாரக் காருக்கு மாறினேன், தனியார் வாடகை வண்டி ஓட்டுகிறேன். புகை இல்லை, எண்ணெய் இல்லை. என் பங்குக்கு நான் செய்துவிட்டேன் என்று நினைத்தேன், நீங்கள் எழுதியதைப் படித்ததும் குழப்பம்.
- ஓட்டுநர், யீஷூன்

தம்பி, நீங்கள் செய்தது நல்ல காரியம், அதில் குழப்பம் வேண்டாம். புகை போய்விட்டது, என்ஜின் எண்ணெய் சொட்டுவது போய்விட்டது. மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதால் பிரேக் பேட் தேய்வதும் குறைகிறது. டயர் மட்டும்தான் அப்படியே இருக்கிறது, பல வண்டிகளில் கூடுகிறது. மின்கலத்தின் எடை அப்படி, அதே அளவுப் பெட்ரோல் காரைவிடச் சில நூறு கிலோ கூட. மிதித்ததும் சக்கரத்துக்கு முழு விசையும் போய்விடுவதால், பச்சை விளக்கு விழுந்ததும் பாய்ந்தால் தேய்வது இன்னும் அதிகம்.

நாள் முழுக்க ஓட்டுபவர் என்பதால் உங்கள் கையில் நிறைய இருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் டயர்க் காற்றளவு ஒட்டியிருக்கும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, டயர் சூடாகும் முன், காலையில் பார்த்துவிடுங்கள். காற்று குறைந்த டயர் ஓரங்களில் தேயும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். புது டயரில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் பள்ளம் இருக்கும், இங்கே சட்டப்படி 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது. இடையில் தேய்ந்தது எல்லாம் எங்கே என்று இனி உங்களுக்குத் தெரியும். சிக்னலில் மெதுவாகக் கிளம்புங்கள், வளைவில் வேகத்தை முன்கூட்டியே குறையுங்கள், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் குமட்டாது.

ஆனால் இதை ஓட்டுநர் தலையில் மட்டும் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். எந்த டயர் எவ்வளவு தேய்கிறது என்று கடையில் போய்க் கேட்டால் உங்களுக்கு யார் சொல்வார்கள்? ஒரே அளவு டயர்களுக்குள்ளேயே தேய்மானத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றிய யூரோ 7 விதியில்தான் முதல் தடவையாகப் புகைக்குழாய்க்கு வெளியே வரும் பிரேக் தூசிக்கும் டயர்த் தேய்மானத்துக்கும் வரம்பு வைத்தார்கள். அது நடைமுறைக்கு வர வர, அங்கே டயர் விற்பவர்கள் மாறியாக வேண்டும். இங்கேயும் டயர் எவ்வளவு தேயும் என்பதை அதில் ஒட்டும் சீட்டில் அச்சடிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியது நாம்தான்.

*

தரைவீட்டில் இருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே கார் கழுவுகிறோம். சோப்புத் தண்ணீர்தானே, தப்பா?
- வாசகி, சிராங்கூன் கார்டன்ஸ்

வாசல் தண்ணீர் எதிரே இருக்கும் வடிகாலில் இறங்கினால் அது ஆற்றுக்குத்தான். சோப்பு மட்டும் போவதில்லை, சக்கரத்தில் ஒட்டியிருக்கும் கறுப்புத் தூள் அவ்வளவும் பிரேக்கும் டயரும்தான். பெட்ரோல் நிலையத்தில் கார் கழுவும் இடத்துத் தண்ணீர் கழிவுநீர்க் குழாய்க்குப் போகும்படி கட்டியிருப்பார்கள், அங்கே கழுவுங்கள். வீட்டில்தான் கழுவுவேன் என்றால் வாளியும் துணியும் வைத்துத் துடைத்துவிட்டு அழுக்குத் தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றுங்கள். மாற்றிய என்ஜின் எண்ணெயைச் சொட்டுக்கூட லோங்காங்கில் விடாதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

*

எங்கள் புளோக்குக்குக் கீழே மழைத்தோட்டம் என்று பள்ளம் தோண்டிப் புல்லும் செடியும் வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது. டெங்கி வராதா? இதற்குப் பேசாமல் சிமென்ட் வடிகாலையே விட்டிருக்கலாம்.
- வாசகி, பீஷான்

அம்மா, உங்கள் பயம் நியாயமானது, டெங்கியில் ஒரு வாரம் படுத்தவள் நான். ஆனால் இந்தப் பள்ளத்துக்காக நான் வாதாடியே ஆக வேண்டும்.

சிங்கப்பூர் ஆற்றை 1977-இல் இருந்து 1987 வரை பத்து வருஷம் சுத்தம் செய்தார்கள். அன்றைக்கு அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தது. பன்றிப் பண்ணை, கரையோரக் கடைகள், படகுகள், இவற்றை இடம் மாற்றினார்கள், ஆறு தெளிந்தது. இன்றைய அழுக்குக்கு அப்படி ஓர் இடம் கிடையாது, சாலை இருக்கும் இடமெல்லாம் அதுதான். இந்தத் தீவின் நிலத்தில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சாலை இருக்கிறது. சிமென்ட் வடிகாலுக்குத் தெரிந்தது ஒன்றுதான், வந்த தண்ணீரை வந்தபடியே வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. வெள்ளத்துக்கு அது தேவை, நம் மழைக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் அழுக்கும் அதே வேகத்தில் போய்ச் சேரும்.

உங்கள் புளோக்குக் கீழே இருப்பது வெறும் பள்ளம் இல்லை. மேலே செடி, அதன் அடியில் மணல் கலந்த மண், அதற்கும் அடியில் சரளைக் கல், அதில் ஓட்டை போட்ட குழாய். கார்ப்பேட்டைத் தண்ணீர் அதன்மேல் வந்து பரவி, மெதுவாகக் கீழே இறங்கும்போது துகள் மண்ணில் தங்கிவிடுகிறது, துத்தநாகமும் செம்பும் மண்ணோடு ஒட்டிக்கொள்கின்றன, எண்ணெயை நுண்ணுயிர் தின்கிறது. தண்ணீரைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் 2006-இல் தொடங்கிய ஏபிசி (துடிப்பான, அழகான, தூய்மையான) நீர்நிலைத் திட்டத்தில் வந்தவை இவை. உங்கள் வட்டாரத்துப் பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் நேர்க்கோட்டுச் சிமென்ட் கால்வாயை உடைத்து, 2012-இல் காலாங் ஆற்றை வளைந்து வளைந்து ஓடவிட்டதும் இதே திட்டம்தான்.

மேலே சால்மன் கதை சொன்னேனே, அதில் விட்டுப்போன ஒரு பகுதி இருக்கிறது, அதை உங்களுக்காகத்தான் வைத்திருந்தேன். அதே ஆராய்ச்சிக் குழுவைச் சேர்ந்தவர்கள் நெடுஞ்சாலைத் தண்ணீரைப் பிடித்து ஒரு பங்கை அப்படியே தொட்டியில் ஊற்றினார்கள், இன்னொரு பங்கை மணலும் மக்கிய உரமும் கலந்த மண் வழியாக வடியவிட்டு வேறு தொட்டியில் ஊற்றினார்கள். முதல் தொட்டியில் கோஹோ செத்தது. இரண்டாவது தொட்டியில் பிழைத்தது. எந்த இரசாயனம் கொல்கிறது என்று கண்டுபிடிப்பதற்குச் சில வருஷம் முன்னாலேயே, கையளவு மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று தெரிந்துவிட்டது.

இப்போது கொசு. முட்டையில் இருந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். மழைத்தோட்டத்தைத் தண்ணீர் ஒரு நாளுக்குள் இறங்கிவிடும்படிதான் அமைக்கிறார்கள். மழை விட்ட மறுநாள் சாயங்காலம் கீழே போய்ப் பாருங்கள். மண் ஈரமாக மட்டும் இருந்தால் அது சரியாக வேலை செய்கிறது. இரண்டாம் நாளும் தண்ணீர் நின்றால் மேல்மண்ணில் மெல்லிய வண்டல் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். நகர மன்றத்தைக் கூப்பிட்டு, மேலே படிந்திருக்கும் கறுப்பு வண்டலைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள், செடியைப் பிடுங்கச் சொல்லாதீர்கள். எடுத்ததைப் பக்கத்துப் புல்லில் கொட்டிவிட்டுப் போனால் அடுத்த மழையில் அது திரும்ப உள்ளே வந்துவிடும், மூட்டையில் கட்டிக்கொண்டு போகிறார்களா என்று கொஞ்சம் நின்று பாருங்கள்.